உங்கள் அறைக்குள் எத்தனை டன் வெயில்?

ஏ.சி. வாங்கக் கடைக்குப் போனால், "ரூம் என்ன சைஸ் சார்?" என்பதுதான் முதல் கேள்வி. பத்துக்குப் பன்னிரண்டு என்கிறோம். "ஒன்றரை டன்னா போட்டுடுங்க, சேஃபா இருக்கும்" என்கிறார் விற்பனையாளர். ஆலோசனை அத்தோடு முடிந்தது. மீதிப் பேச்செல்லாம் இ.எம்.ஐ., எக்ஸ்சேஞ்ச், ஸ்டெபிலைசர் இலவசமா இல்லையா என்பது பற்றித்தான். வீடு எந்த மாடியில் இருக்கிறது, தலைக்கு மேலே இன்னொரு வீடா மொட்டைமாடியா, ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, கடல் எவ்வளவு தூரம் என்பதில் எதையும் அவர் கேட்பதில்லை. விடை இருப்பதோ அந்தக் கேள்விகளில்தான். அளவில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு அறைகளில் ஒன்றுக்கு மற்றதைப் போல இரண்டு மடங்கு குளிர்ச்சி தேவைப்படலாம்.

முதலில் அந்த டன் கணக்கைப் பார்த்துவிடுவோம். பெட்டியின் எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சென்னை மெரினாவுக்கு எதிரே, இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் வட்ட வடிவக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டாரத்துக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். பாஸ்டன் நகர வியாபாரியான ஃபிரெடெரிக் டியூடரின் நிறுவனம் 1842-இல் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கு அது. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து, மதராஸ் வெயிலில் விற்று லாபமும் பார்த்தார்கள். பிறகு இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கும் வித்தை வந்தது. கப்பல் வியாபாரம் படுத்தது. ஆனால் ஐஸ் வாங்கிப் பழகியவர்களின் அளவுகோல் மட்டும் நிலைத்துவிட்டது. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகித் தண்ணீராகும்போது சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை அகற்றுவதுதான் 1 டன் குளிர்ச்சி. இன்றைய கணக்கில் மணிக்கு 12,000 பி.டி.யு.; வாட்டில் சொன்னால் 3,517.

அப்படியானால் ஒன்றரை டன் ஏ.சி. முழு மூச்சில் ஓடுகிறது என்றால், மணிக்கு சுமார் 57 கிலோ ஐஸ் உருகுகிற வேலையை அது செய்கிறது. இரவு எட்டு மணி நேரத்துக்கு 450 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு பேர் தூங்குவதற்கு அரை டன்னுக்கு நெருக்கமாக ஐஸ் வேண்டுமா என்று யோசித்தாலே கடைக்காரரின் 'சேஃப்' மீது கொஞ்சம் சந்தேகம் வரவேண்டும்.

இவ்வளவு வெப்பத்தை ஒரு பெட்டி எப்படி அகற்றுகிறது? வெளியே 40 டிகிரி, உள்ளே 25 டிகிரி. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் வெப்பம் தானாகப் போகும். இங்கோ எதிர்த்திசையில் போகிறது. சூட்சுமம் அழுத்தத்தில் இருக்கிறது. இன்றைய ஏ.சி.களில் பரவலாக உள்ள ஆர்-32 என்ற கேஸ், திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்டோர் யூனிட்டின் காயிலுக்குள் அதைச் சுமார் 11 மடங்கு காற்றழுத்தத்தில் வைத்தால் 10 டிகிரியில் கொதிக்கும். கொதிப்பதற்கு வெப்பம் வேண்டுமே, அதை அறைக்காற்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவியான கேஸைக் கம்ப்ரஸர் 30 மடங்கு அழுத்தத்துக்கும் மேல் நெருக்கி அவுட்டோர் யூனிட்டுக்கு அனுப்பினால், அங்கே அது 50 டிகிரி சூட்டிலேயே மறுபடி திரவமாகத் தொடங்கும். 50 டிகிரிக் குழாய்க்கு வெளியே வீசும் 40 டிகிரி அனல் காற்று குளிர்ந்த காற்றுதான். அறையில் வாங்கிய வெப்பத்தை அங்கே கொட்டிவிட்டு, கேஸ் திரும்பி வருகிறது. கத்திரி வெயிலையே 'குளிர்ச்சியாக' ஆக்கிவிடுகிற இந்த உபாயத்தால்தான், 1 யூனிட் மின்சாரத்தைச் செலவழித்து மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தை வெளியே தள்ள முடிகிறது. மின்சாரம் குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுவதற்கான கூலி அது.

இது பாதிக் கதைதான். கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு மறுபாதிதான் முக்கியம்.

சென்னையில் காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று இருக்கும் ஒரு நாளில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மிதக்கும் காற்றில் மட்டும் எவ்வளவு தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும் தெரியுமா? சுமார் 800 கிராம். கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் நம்மைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே அறை 25 டிகிரியில், 55 சதவீத ஈரப்பதத்தோடு இதமாக இருக்க வேண்டுமென்றால் 425 கிராம்தான் இருக்கலாம். மீதியை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றிய பிறகும் கதவிடுக்கு வழியாக ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். தூங்குகிறவர்களின் மூச்சும் வியர்வையும் சேரும். நம்மூர்ப் புழுக்கம் என்பது வெப்பம் மட்டும் இல்லை, இந்த ஈரம்தான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும்; காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை எங்கே போகும்?

அந்த நாளின் காற்றை 26 டிகிரிக்குக் குளிர்வித்தாலே அதிலுள்ள ஆவி நீராக மாறத் தொடங்கும். இன்டோர் காயில் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருப்பதால், அதன் மேல் படும் காற்றின் ஈரம் மெல்லிய அலுமினியத் தகடுகளில் முத்து முத்தாகப் படிந்து, தட்டில் வடிந்து, டிரெய்ன் பைப் வழியாக வெளியே சொட்டுகிறது. ஆவியை ஒரு லிட்டர் தண்ணீராக்க ஏறக்குறைய 2,450 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். ஈரமான நாளில் ஏ.சி.யின் உழைப்பில் கால் பங்கு இதற்கே போய்விடும். ஒன்றரை டன் இயந்திரம் நன்றாக ஓடினால் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் பிழிந்து தள்ளும். பைப்புக்குக் கீழே ஒரு பக்கெட் வைத்துப் பாருங்கள். செடிக்கு ஊற்றலாம், வீடு துடைக்கலாம். குடிக்க மட்டும் வேண்டாம்.

சொல்லப்போனால் ஏ.சி. பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகத்தில் ஒரு தொல்லை. ஒரே தாளில் ஒரு நிறத்துக்குப் பின் இன்னொரு நிறம் அச்சடிப்பார்கள். இடையில் காற்றின் ஈரம் மாறினால் தாள் விரியும், சுருங்கும், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. இதைத் தீர்க்க 25 வயது பொறியாளர் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பே நவீன ஏ.சி.யின் தொடக்கம். மனிதர்களின் சுகம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. நம்மூரில் அச்சுத் தொழில் சிவகாசியில் செழித்ததற்கு அங்குள்ள வறண்ட காற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். கேரியர் இயந்திரம் வைத்துச் சாதித்ததை சிவகாசிக்கு வானமே கொடுத்துவிட்டது.

இப்போது 'பெரிசா போட்டா சேஃப்' என்பதில் என்ன தவறு என்று பார்க்கலாம். பழைய வகை, அதாவது ஒரே வேகத்தில் ஓடும் ஏ.சி.யில் கம்ப்ரஸருக்கு இரண்டே நிலைதான்: முழு ஓட்டம், முழு நிறுத்தம். சின்ன அறையில் ஒன்றரை டன்னைப் போட்டால் ஐந்தாறு நிமிடத்தில் காற்று 24 டிகிரிக்கு வந்துவிடும், கம்ப்ரஸர் நின்றுவிடும். கொஞ்சம் சூடேறியதும் மறுபடி கிளம்பும். டவுன் பஸ் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று நின்று போவது போலத்தான். டீசல் ஆகும், ஊர் வந்து சேராது. ஏனென்றால் ஈரத்தைப் பிழிய நேரம் வேண்டும். காயில் குளிர்ந்து, தகடுகளில் நீர்ப்படலம் கனத்து, தட்டு நிறைந்து, முதல் சொட்டு பைப்பை அடையவே சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் கம்ப்ரஸர் நின்றால், இன்டோர் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். தகடுகளில் படிந்த ஈரத்தை அதுவே மீண்டும் ஆவியாக்கி அறைக்குள் ஊதிவிடும். தெர்மாமீட்டர் 24 காட்டும், உடம்போ கசகசக்கும். நாம் என்ன செய்கிறோம்? ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்குகிறோம். பிறகு குளிர் தாங்காமல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். ஏ.சி. அறையில் கம்பளி போர்த்தித் தூங்கும் பல வீடுகளில் குறைவது குளிர்ச்சி இல்லை; நடக்காதது ஈரம் பிழிதல்.

உங்கள் ஏ.சி. அறைக்குப் பெரியதா என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் வேண்டியதில்லை. புழுக்கமான ஓர் இரவில், ஏ.சி. போட்டு இரண்டு மணி நேரம் கழித்து வெளியே போய் டிரெய்ன் பைப்பைப் பாருங்கள். விடாமல் சொட்டினால் நல்லது. பைப்பில் அடைப்பும் இல்லாமல், சொட்டும் எப்போதாவதுதான் விழுகிறது, அறையும் கசகசக்கிறது என்றால், இயந்திரம் தேவைக்கு மேல் பெரிது.

சரி, சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? 120 சதுர அடி வரை 1 டன், 180 வரை ஒன்றரை டன் என்று ஒரு குத்துமதிப்பு புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி பார்த்தாலும் நம் பத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்றரை டன் அதிகம். ஆனால் சதுர அடி வெப்பத்தை உள்ளே விடுவதில்லை. கூரையும் கண்ணாடியும் இடுக்குகளும்தான் விடுகின்றன. சென்னையில் மூன்று மாடி அடுக்ககம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை. மே மாதப் பிற்பகல். வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இந்த 11 சதுர மீட்டரில் மட்டும் சுமார் 1,100 வாட் வெப்பத்தைக் கீழே இறக்கும். நாலுக்கு நாலடி ஜன்னலில் நேராக விழும் சாயங்கால வெயில் 700 வாட். வெளிச்சுவர்கள் 500. இரண்டு பேரின் உடம்பு 200. டிவி, ஃபேன், விளக்கு 200. இடுக்கு வழியே மணிக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறுகிறது என்று வைத்தால், அந்தக் காற்றின் சூடும் ஈரமும் சேர்ந்து 400. மொத்தம் 3,100 வாட், அதாவது டன்னில் 0.88.

அதே கட்டடத்தில் முதல் மாடி, அதே அளவு அறை, வடக்குப் பார்த்த ஜன்னல், ஒரே ஒரு வெளிச்சுவர். கூரைக் கணக்கு பூஜ்யம். மேல் வீட்டுக்காரரின் தரைதான் நம் கூரை. ஜன்னல் 200, சுவர் 350, ஆட்கள் 200, சாமான்கள் 200, காற்று 400. மொத்தம் 1,350 வாட். டன்னில் 0.4-கூட இல்லை. இரண்டு அறைக்கும் ஒரே ஒன்றரை டன்னைச் சொல்கிறவரிடம் என்ன சொல்ல! முதல் மாடிக்குச் சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய 0.75 அல்லது 0.8 டன்னே தாராளம். மூன்றாம் மாடிக்கு 1 டன். கதவுகளும் ஜன்னல்களும் சரியாக மூடாத, ஓயாமல் ஆள் வந்துபோகும் ஹாலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே காற்றுக் கணக்கு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சமையலறையோடு சேர்ந்த ஹால் என்றால் இன்னும் மோசம்.

மூன்றாம் மாடிக் கணக்கில் பெரிய எண் எது என்று கவனித்திருப்பீர்கள். கூரைதான். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை உடனே கீழே இறக்குவதில்லை; பல மணி நேரம் தேக்கிவைத்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் விடுகிறது. ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் நின்று கூரையைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மாடியில் அடித்தாலோ வெள்ளை ஓடு பதித்தாலோ கூரைச் சுமை பாதியளவுக்கு இறங்கக்கூடும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ வெட்டிவேர்ப் பாயோ கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையில் பட்டாலும் அறைக்குள்தான் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் மொட்டைமாடிக்குக் கீழே குடியிருப்பவர்கள் முதல் செலவைக் கூரையில்தான் செய்ய வேண்டும். ஏ.சி. அடுத்த செலவு, அதுவும் ஒரு படி சின்னதாகவே போதும்.

"இன்வெர்ட்டர் ஏ.சி. வந்தாச்சே, அது தானா அட்ஜஸ்ட் பண்ணிக்குமே" என்று கேட்கலாம். உண்மைதான், ஒரு வரம்பு வரை. கரன்ட் போனால் ஓடும் பேட்டரி இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, மறுபடி வேண்டிய அதிர்வெண்ணில் வெட்டிக் கம்ப்ரஸர் மோட்டாருக்குக் கொடுக்கும் மின்னணுப் பலகை அது. அதனால் மோட்டார் நிற்காமல் மெதுவாகவோ வேகமாகவோ ஓடலாம். மெதுவாக ஓடும்போது ஓர் அருமையான லாபம் கிடைக்கிறது. கேஸ் குறைவாக ஓடுகிறது, காயிலோ அதே பெரிய காயில். குறைந்த வெப்பத்தைப் பரிமாற இவ்வளவு பரப்பு இருப்பதால், கேஸை 50 டிகிரிக்கு நெருக்க வேண்டியதில்லை, 44 - 45 போதும். ஏற்றம் குறைந்தால் கூலியும் குறையும். பாதிச் சுமையில் ஓடும் இன்வெர்ட்டர் பாதி மின்சாரத்துக்கும் குறைவாகவே எடுப்பது இதனால்தான். ஆனால் எந்தக் கம்ப்ரஸரும் ஊர்ந்துகொண்டே இருக்க முடியாது. உள்ளே எண்ணெய் சுழல ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். ஒன்றரை டன் இன்வெர்ட்டர்கள் பல, அரை டன்னுக்கு வெகுவாகக் கீழே இறங்க மாட்டா. நம் முதல் மாடி அறைக்கு இரவில் வேண்டியது அதையும்விடக் குறைவு. அங்கே அதுவும் பழைய ஏ.சி. போல நின்று நின்றுதான் ஓடும். கணக்கில் வந்ததற்கு மேல் பதினைந்து, இருபது சதவீதம் கூட எடுப்பதில் தவறில்லை. இரட்டிப்பாக எடுத்தால் இன்வெர்ட்டருக்காகக் கொடுத்த கூடுதல் காசு வீண்.

வகைகளைப் பற்றி ஒரு சுற்று. விண்டோ ஏ.சி.யை இப்போது யாரும் மதிப்பதில்லை; சத்தம் போடும் என்பதைத் தவிர அதன்மேல் எனக்குப் புகார் இல்லை. எல்லாமே ஒரே பெட்டிக்குள் கம்பெனியிலேயே மூடப்பட்டு வருவதால், சுவரைத் துளைத்துக் காப்பர் குழாய் இணைக்கும் வேலையும் அந்த இணைப்புகளில் கேஸ் கசியும் தலைவலியும் கிடையாது. வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கழற்றி மாட்டவும் எளிது. ஆனால் புது ஃபிளாட்களில் அதற்கான ஜன்னலே வைப்பதில்லை. ஸ்பிளிட்தான் இன்று வீட்டுக்கு வீடு. தரையில் உருட்டிச் செல்லும் போர்ட்டபிள் ஏ.சி.யின் ஒற்றைக் குழாய், அறைக்காற்றையே எடுத்து வெளியே ஊதுகிறது. போன காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து அனல் உள்ளே வரும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அது. கூரையில் பதிக்கும் கேசட், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும். பல அறைகளுக்கு ஒரே அவுட்டோர் யூனிட்டிலிருந்து வேண்டிய அளவு கேஸ் பிரித்துக் கொடுக்கும் வி.ஆர்.எஃப்., பெரிய பங்களாவுக்கும் மருத்துவமனைக்கும். அதற்கும் மேலே போனால் தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க ஓடவிடும் சில்லர். அது வேறு உலகம், டன் கணக்கு நூறுகளில் பேசப்படும்.

ஏர் கூலர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரைப் பொறுத்து அது மகா புத்திசாலித்தனமாகவும் இருக்கலாம், வெட்டிச் செலவாகவும் இருக்கலாம். மண்பானையில் நடப்பதுதான் கூலரிலும் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகிறது, காற்று குளிர்கிறது. எவ்வளவு குளிரலாம் என்பதற்கு ஓர் அடித்தளம் உண்டு. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால் எங்கே நிற்குமோ அதுதான் அந்த எல்லை. ஏப்ரல் மதியம் வேலூரில் 40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால் எல்லை 24-ஐ ஒட்டி இருக்கும்; நல்ல கூலர் 27, 28 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். ஏ.சி.யில் ஒரு சிறு பங்கு மின்சாரம்தான். அதே கூலரைச் சென்னையில், 35 டிகிரி, 60 சதவீதத்தில் வைத்தால் எல்லை 28-க்கு மேல். வரும் காற்று 30 டிகிரி. ஈரமோ 90 சதவீதம். ஏற்கெனவே ஈரம் தாங்காமல் தவிக்கும் அறைக்குள் குடம் குடமாக இன்னும் தண்ணீரை ஏற்றுகிறோம். ஜன்னலை மூடிக்கொண்டு கூலர் போட்டால் வேலூரிலும் இதே கதிதான். கூலருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஏ.சி.க்கு மூடியிருக்க வேண்டும். வேலூர் போன்ற உள்நாட்டு ஊர் என்றால் மே மாதம் கூலர், கடலோரம் என்றால் கூலரை மறந்துவிடுங்கள்.

கடையில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் பலரும் நட்சத்திரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள சிறிய எழுத்துதான் படிக்க வேண்டியது. குளிர்விக்கும் திறன் வாட்டிலோ கிலோவாட்டிலோ போட்டிருக்கும். 'ஒன்றரை டன்' என்று விற்பவற்றில் சில 5,200 வாட்டைத் தொடும், சில 4,800-இலேயே நின்றுவிடும். 1 டன்னிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. நம் மூன்றாம் மாடிக்காரர் 1 டன் வாங்கினால் 3,500 வாட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஏனென்றால் அந்தத் திறனை அளப்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது. 40, 42 என்று ஏறும் நாளில் அதே இயந்திரம் குறைவாகக் குளிர்வித்து, அதிக மின்சாரம் எடுக்கும். லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் கணக்கு, வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. வருடத்தில் ஒன்பது மாதம் இரவு முழுக்க ஓட்டும் சென்னை வீட்டில் அந்த மணிக்கணக்கு 2,000-ஐத் தாண்டும்; அவர்களுக்கு ஐந்து நட்சத்திரத்தின் கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். மே மாதம் மட்டும், அதுவும் பேரன் பேத்திகள் வரும்போது மட்டும் போடுகிறவர்களுக்கு மூன்று நட்சத்திரமே போதும். தரவரிசையை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள் என்பதால், பழைய ஸ்டாக்கின் ஐந்து நட்சத்திரமும் புதியதின் ஐந்தும் ஒன்றில்லை. தயாரித்த ஆண்டையும் பாருங்கள்.

2020 ஜனவரி முதல், நட்சத்திர லேபிள் உள்ள ஏ.சி.களை ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறனுக்கான அரசு அமைப்பான பி.இ.இ. சீலிங் ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் 26 டிகிரியும் 24 போலவே இருக்கும்; உடம்பின் மேல் காற்று நகர்வதே இரண்டு மூன்று டிகிரிக்குச் சமம். ஏ.சி. போட்டால் ஃபேனை அணைக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. நம் மின் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, அதற்கு முன் ஓடிய சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். இந்த ஃபேன் காற்று பல வீடுகளை அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் வைத்திருக்கும்.

எல்லாம் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு மாட்டுவதில் கோட்டை விடுவதும் உண்டு. அவுட்டோர் யூனிட் மூச்சு விட இடம் வேண்டும். ஒன்றரை டன் என்றால் அறையின் வெப்பமும் கம்ப்ரஸரின் மின்சாரமும் சேர்ந்து ஏழு கிலோவாட்டுக்குப் பக்கத்தில் அங்கே கொட்டப்படுகிறது. பால்கனிக்குக் கண்ணாடி அடைத்து, அதற்குள்ளேயே யூனிட்டையும் துணி காயப்போடும் கொடியையும் வைத்தால், தான் விட்ட அனலையே அது திரும்ப இழுக்கும். வெளியே 36 டிகிரி இருக்கும் நாளில் அதற்கு 45. கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று காயிலை அரிக்கும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் ஆயுள் நீளும். இன்டோர் ஃபில்டரைக் கழுவ ஆள் வர வேண்டியதில்லை. மூடியைத் திறந்து, வலையைக் கழற்றி, குழாயடியில் காட்டி, நிழலில் காயவைத்து மாட்டினால் முடிந்தது.

கேஸ் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குழாய் சரியாக இருந்தால் பத்து வருடம் ஆனாலும் குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கசியும் கேஸ் நம் பர்ஸை மட்டும் பாதிப்பதில்லை. 1 கிலோ ஆர்-32 காற்றில் கலந்தால், அது புவியைச் சூடாக்குவது 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஆர்-410ஏ என்றால் 2,000 கிலோவுக்கும் மேல். ஆகவே வருடா வருடம் "கேஸ் போடணும் சார்" என்று வருகிறவரிடம், முதலில் ஓட்டை எங்கே என்று சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் சிலிண்டரைத் திறக்கிறார் என்றால் ஆளை மாற்றுங்கள்.